நனைந்த கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? இரண்டாவது முறை பட்டனை அழுத்தும் முன் இதைப் படிங்க

வல்லம் வடகால் சிப்காட்டில் ராத்திரி ஷிஃப்ட் முடித்துவிட்டுக் கிளம்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கார்த்திகை மாத மழை. ஒரகடம் தாண்டி, வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் படப்பை வரை பிரச்சினை இல்லை. முடிச்சூர் பக்கம் திரும்பியதும் ரோடு எது, கால்வாய் எது என்றே தெரியவில்லை. முன்னால் ஒரு கம்பெனி பஸ் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிறது. அது போன தடத்திலேயே போனால் தாண்டிடலாம் என்று தோன்றுகிறது. பாதி தூரத்தில் இன்ஜின் ரெண்டு தடவை இருமிவிட்டு நின்றுவிடுகிறது.

உடனே கை தானாகப் போகும் இடம் ஸ்டார்ட் பட்டன். ‘ஒரு தடவை அடிச்சுப் பார்ப்போமே!’

அதைத்தான் செய்யக் கூடாது. இன்ஜின் நின்ற அந்த நொடியில், வேலை பெரும்பாலும் சில ஆயிரம் ரூபாயில் முடியக்கூடியதாக இருக்கும். அடுத்து நீங்கள் செய்யும் காரியத்தால் அது லட்சத்தில் போய் நிற்கலாம். அந்த லட்சத்தை இன்சூரன்ஸ் கம்பெனி தர மறுக்கவும் வாய்ப்பிருக்கிறது.

இந்தப் பாதையில் ஏன் அடிக்கடி நடக்கிறது?

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதி முழுக்க ஏரிகள் பூமி. ஒரத்தூர், ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பினால் உபரிநீர் அடையாற்றுக்குத்தான் வரும். அந்த ஆறு வரதராஜபுரம், முடிச்சூர் வழியாகத்தான் சென்னைக்குள் போகிறது. தாம்பரத்திலிருந்து ஒரகடத்துக்கு வேலைக்குப் போய் வருகிறவர்கள் தினமும் குறுக்கே கடப்பது இந்தத் தண்ணீரின் பாதையைத்தான். 2015 டிசம்பர் 1 அன்று பெய்த மழையில் தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. பதிவானது. 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயலின்போது ஹூண்டாய், ஃபாக்ஸ்கான் போன்ற ஆலைகள் உற்பத்தியை நிறுத்தின. முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களில் படகு ஓடியது.

அந்த அனுபவம் மக்களுக்கு மறக்கவில்லை. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்திவிட்டுப் போனார்கள். அபராதம் போடுகிறார்கள் என்று பேச்சுக் கிளம்ப, அப்படியெல்லாம் இல்லை என்று காவல்துறை விளக்கம் சொல்ல வேண்டிவந்தது. சிரித்தவர்களும் உண்டு. ஆனால் கணக்குப் பார்த்தால் அந்தக் கார்க்காரர்கள் செய்ததில் தப்பே இல்லை.

33 மில்லி தண்ணீர் போதும்

இன்ஜின் காற்றை உறிஞ்சி, அதை அழுத்தி, எரிபொருளோடு சேர்த்து எரிக்கிறது. காற்றை அழுத்தலாம். தண்ணீரை அழுத்த முடியாது. முழுச் சிக்கலும் இதில்தான் இருக்கிறது.

1,200 சிசி, நாலு சிலிண்டர் பெட்ரோல் காரை எடுத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டருக்கு 300 சிசி. அழுத்த விகிதம் 10:1 என்றால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் சுமார் 33 மில்லி மட்டும்தான். டீக்கடை கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு. அதற்கு மேல் தண்ணீர் உள்ளே இருந்தால் பிஸ்டன் மேலே வர வழியில்லை, முட்டிக்கொள்ளும். டீசல் இன்ஜினில் அழுத்தம் இன்னும் அதிகம் என்பதால் 1,500 சிசி வண்டிக்கு 25 மில்லி தண்ணீரே போதும். இப்படி இறுகிப்போவதைத்தான் மெக்கானிக்குகள் ‘ஹைட்ரோ லாக்’ என்கிறார்கள்.

இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது இது நடந்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு அந்த நொடியே வளைந்துவிடும். மெதுவாக ஊர்ந்துபோகும்போது நின்றிருந்தால் ராடு தப்பித்திருக்க வாய்ப்பு உண்டு. அந்த நல்ல வாய்ப்பைத்தான் பலர் அடுத்த நிமிடத்தில் கெடுத்துக்கொள்கிறார்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் பல நேரம் ‘டக்’ என்று தோற்று நின்றுவிடும். ஆனால் ஒரு சிலிண்டரில் மட்டும் தண்ணீர் இருந்து, மற்ற மூன்றும் பற்றிக்கொண்டால்? அந்த மூன்றும் சேர்ந்து நாலாவது ராடை வளைத்துவிடும்.

இதைவிட மோசம் நம்ம ஊர் வைத்தியம். நாலு பேர் ஓடிவந்து, “சார், செகண்ட் கியர்ல போடுங்க, தள்றோம், கிளட்ச்சை விடுங்க” என்பார்கள். நல்ல மனசுதான். ஆனால் கிளட்ச்சை விடும்போது ஒரு டன் எடையுள்ள கார் மொத்தமும் அந்தப் பிஸ்டனைத் தள்ளும். தள்ளச் சொல்லுங்கள், வண்டியை நியூட்ரலில் ஓரம் கட்டுவதற்கு மட்டும்.

அப்படியானால் தண்ணீர் எவ்வளவு உயரம் வரை பரவாயில்லை? இன்ஜின் மூச்சுவிடும் குழாய் பெரும்பாலான கார்களில் கிரில்லின் மேல்பக்கமோ ஹெட்லைட் பின்னாலோதான் இருக்கிறது. ரோட்டில் ஓரடித் தண்ணீர்தானே என்று வேகமாகப் போனால், முன்னால் எழும் அலை அந்தக் குழாய் வரை ஏறிவிடும். எதிரே வரும் பஸ் கிளப்பும் அலையும் அதே வேலையைச் செய்யும். ஓடும் வெள்ளம் என்றால் பேச்சே வேறு. ஓரடி ஆழமே பெரும்பாலான கார்களை இழுத்துப்போகும். சிக்னலில் இன்ஜினைத் தானாக நிறுத்தும் ஐடில் ஸ்டாப் வசதி இருந்தால், தண்ணீரில் இறங்கும் முன் அதை ஆஃப் செய்துவிடுங்கள். வெள்ளத்துக்கு நடுவே இன்ஜின் தன் இஷ்டத்துக்கு நின்று எழக் கூடாது.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. இதே ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் உருவாகும் கார்கள் ஆலையைவிட்டு வெளியே வரும்முன் ஷவர் டெஸ்ட் என்ற செயற்கை மழையில் நனைந்துதான் வருகின்றன. ஆனால் அது கதவு, கண்ணாடி வழியாக உள்ளே கசிகிறதா என்று பார்ப்பதற்கு. வெள்ளத்தில் ஓட்டலாம் என்பதற்கான சான்றிதழ் இல்லை.

முதலில் பார்க்க வேண்டியது சாவி அல்ல, ஏர் ஃபில்டர்

கார் பாதுகாப்பான இடத்துக்கு வந்துவிட்டதா? பானெட்டைத் திறங்கள். ஏர் ஃபில்டர் பெட்டி பெரும்பாலும் கிளிப்பிலோ நாலு ஸ்க்ரூவிலோதான் இருக்கும். ஃபில்டர் நனைந்திருந்தாலோ, பெட்டிக்குள் தண்ணீர் நின்றாலோ அத்தோடு நிறுத்துங்கள். முடிந்தால் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு டோ வண்டிக்குப் போன் போடுங்கள். ஆட்டோமேட்டிக் கார் என்றால் முழு வண்டியும் ஏறும் பிளாட்பெட் கேட்பது நல்லது.

அடுத்தது ஆயில் டிப்ஸ்டிக். ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தாலோ, அளவு திடீரென்று கூடியிருந்தாலோ, தண்ணீர் ஆயிலில் கலந்துவிட்டது என்று அர்த்தம். இந்த நிலையிலும் ஸ்டார்ட் செய்யக் கூடாது.

ஒர்க்‌ஷாப்பில் என்ன செய்வார்கள் என்பதைத் தெரிந்துவைத்துக்கொண்டால் பில் பார்க்கும்போது உதவும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, பெட்ரோல் வராமல் தடுத்து, இன்ஜினைச் சுற்றுவார்கள். சிலிண்டரில் இருக்கும் தண்ணீர் பிளக் துளை வழியாகப் பீய்ச்சியடிக்கும். பிறகு ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர் மாற்றம், கம்ப்ரஷன் டெஸ்ட். ராடு நேராக இருந்தால் வேலை இவ்வளவுதான். ‘ஸ்டார்ட் ஆயிடுச்சு, எடுத்துட்டுப் போங்க’ என்று மட்டும் சொன்னால் விடாதீர்கள். கம்ப்ரஷன் ரீடிங் கேளுங்கள். லேசாக வளைந்த ராடு சில வாரம் நன்றாகவே ஓடி, பிறகு ஒருநாள் இன்ஜின் பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

ஃபில்டர் காய்ந்திருக்கிறதா? பாதி பாரம் குறைந்தது

வெள்ளத்தில் இறங்கவே இல்லை, ராத்திரி முழுக்க வெளியே நனைந்த கார், அல்லது வாட்டர் வாஷ் முடிந்து வந்த கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் கதை வேறு. ஃபில்டர் காய்ந்திருந்தால் ஒருமுறை ஸ்டார்ட் செய்து, சத்தத்தைக் கவனியுங்கள்.

‘டிக் டிக் டிக்’ என்று வேகமாக அடித்து, டாஷ்போர்டு விளக்கு மங்கினால் பேட்டரி அல்லது டெர்மினல். மழைக்காலத்தில் இதுதான் அதிகம். வெள்ளைப் பூஞ்சை போலப் படிந்திருப்பதைச் சுத்தம் செய்து இறுக்கினாலே பல வண்டிகள் எழுந்துவிடும். சத்தமே இல்லாமல் சாவி படத்தோடு விளக்கு மட்டும் மினுக்கினால், நனைந்த ரிமோட் சாவியைக் கார் அடையாளம் காணவில்லை. புஷ் பட்டன் கார்களில் சாவியைப் பட்டனோடு ஒட்டிவைத்து முயன்று பாருங்கள். விளக்கெல்லாம் பளிச்சென்று இருந்து ஒரே ஒரு ‘டக்’ வந்தால், ஸ்டார்ட்டர் மோட்டாராக இருக்கலாம், இறுகிய இன்ஜினாகவும் இருக்கலாம். மறுபடி முயலாதீர்கள்.

இன்ஜின் வழக்கம்போல் சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை. பற்றினாலும் நடுங்குகிறது, செக் இன்ஜின் விளக்கு எரிகிறது என்றால் ஸ்பார்க் பிளக் குழிகளில் தண்ணீர் தேங்கி, இக்னிஷன் காயிலிலிருந்து மின்சாரம் கசிகிறது என்று முதலில் சந்தேகப்படலாம். காயிலைக் கழற்றித் துடைத்து, காற்றடித்துக் காயவைத்தால் பெரும்பாலும் சரியாகும். வைப்பர் கீழே இருக்கும் வடிகாலையும் பாருங்கள். வேப்பமரம், புங்கமரத்தடியில் நிற்கும் கார்களில் இலை அடைத்து, தண்ணீர் ஃபியூஸ் பாக்ஸ் பக்கம் வழிவது சகஜம். மழைக்கு ஒதுங்க இடம் தேடும் எலிகள் வயரைக் கடித்திருப்பதும் உண்டு. மெக்கானிக்குகள் இதைச் சொன்னால் சாக்குச் சொல்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம்.

பெட்ரோல் போட்டுக் கொஞ்ச தூரத்திலேயே வண்டி நின்றதா? பங்கின் நிலத்தடித் தொட்டியில் மழைநீர் இறங்கியிருக்கலாம். இப்போது கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் கொஞ்சம் தண்ணீரைத் தன்னோடு கலந்துகொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து தொட்டியின் அடியில் தங்கிவிடும். உங்கள் காரின் பெட்ரோல் பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். வெள்ளம் சூழ்ந்த பங்கில் முதல் இரண்டு நாள் நிரப்பாமல் இருப்பதே மேல். போட்டிருந்தால் பில்லைத் தூக்கிப்போடாதீர்கள்.

எலெக்ட்ரிக் காரில் இறுகிப்போக இன்ஜினே கிடையாது. பேட்டரி ஐபி67 தரம் என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். ராத்திரி முழுக்க பேஸ்மென்ட்டில் மூழ்கிய வண்டிக்கு அது பொருந்தாது. அதைச் சார்ஜில் போடாமல் சர்வீஸ் சென்டரைக் கூப்பிடுங்கள்.

இன்சூரன்ஸ் எங்கே கைவிடும்?

வெள்ளம், புயலால் காருக்கு வரும் சேதம் காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் அடங்கும். சீட், வயரிங், எலெக்ட்ரானிக்ஸ் எல்லாம் அதில் வரும். ஆனால் ‘கான்சிக்வென்ஷியல் லாஸ்’, அதாவது நடந்த சேதத்தின் தொடர்ச்சியாக வந்த இழப்பு, அதில் அடங்காது என்று அதே பாலிசியில் எழுதியிருக்கும். தண்ணீர் புகுந்தது வெள்ளத்தால். ராடு வளைந்தது நீங்கள் மறுபடி ஸ்டார்ட் செய்ததால். சர்வேயர் வளைந்த ராடைப் பார்த்ததும் கேட்கும் கேள்வி இதுதான். நுகர்வோர் ஆணையம் வரை போகும் வழக்குகளும் இதில்தான் சுற்றுகின்றன.

இதற்காகவே ‘இன்ஜின் புரொடெக்‌ஷன்’ என்று தனி ஆட்-ஆன் இருக்கிறது. ‘எங்கிட்ட ஜீரோ டெப் இருக்கே’ என்பவர்கள் கவனிக்கவும்: அது பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் தருவதற்கு. இன்ஜினுக்குள் புகுந்த தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இன்ஜின் கவரிலும் வண்டியின் வயது, எத்தனை முறை கோரலாம் என்ற நிபந்தனைகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

சமீபத்தில் முதல் கார் வாங்கியவர்கள் விழும் குழி இன்னொன்று. 2018 செப்டம்பரிலிருந்து புது கார்களுக்குத் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மூன்று வருடத்துக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். சொந்த காருக்கான ஓன் டேமேஜ் பகுதி பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான் இருக்கும். ஷோரூமில் கொடுத்த காகிதத்தில் மூன்று வருடம் என்று பார்த்த ஞாபகத்தில் இரண்டாம் வருடம் புதுப்பிக்காமல் விட்டவர்கள், மழை வந்த பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள். போலீஸ் செக்கிங்கில் பிரச்சினையே வராது என்பதால் அதுவரை தெரியாது. உங்கள் போனில் பாலிசி பிடிஎஃப் இருந்தால், ‘ஓன் டேமேஜ்’ என்ற வரிக்கு எதிரே இருக்கும் முடிவுத் தேதியை இப்போதே பாருங்கள்.

பழுது செலவு காரின் ஐடிவி மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பாகக் கணக்கிடுவார்கள். மறுபக்கம், காயில் காயவைத்து, ஃபில்டர் மாற்றி நாலாயிரம் ரூபாயில் முடியும் வேலைக்கு கிளெய்ம் போவது லாபமில்லை. 1,500 சிசி வரையிலான காருக்குக் கட்டாயமாக 1,000 ரூபாய் நீங்கள் கட்ட வேண்டும். அடுத்த வருடம் 20 முதல் 50 சதவீதம் வரை கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸும் போய்விடும்.

கிளெய்ம் போவதென்றால், வண்டி தண்ணீரில் நிற்கும்போதே வெளிச்சம் போட்டு நாலு படம் எடுத்துவிடுங்கள். எந்த உயரம் வரை தண்ணீர் இருக்கிறது என்று டயரோ கதவோ தெரியும்படி. டோ வண்டி வருவதற்குள் கம்பெனிக்குப் போன் செய்து, கிளெய்ம் எண்ணை வாங்கிவிடுங்கள். ‘இன்ஜின் நின்றது, மறுபடி ஸ்டார்ட் செய்யவில்லை’ என்று அந்த அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள், அது உண்மையாக இருந்தால்.