ஒரு மாதக் கெடு

தமிழ்க் கவிதைத் தொகுப்பொன்றுக்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதான அஹ்னாப் ஜசீமை, 2023 டிசம்பரில்தான் புத்தளம் மேல் நீதிமன்றம் வழக்கிலிருந்து விடுதலை செய்தது. 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு, உடையிலிருந்த கப்பல் சுக்கான் படத்தைப் பௌத்தச் சின்னமான தர்மச்சக்கரம் என்று கருதி ஒரு முஸ்லிம் பெண்ணையும் சிறையில் அடைத்தார்கள். அப்பாவி என்பது மட்டும் பாதுகாப்பாகாது. இலங்கை முஸ்லிம்கள் சட்டத்தை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். கைதுக்கான காரணத்தைச் சொல்லியாக வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை. அடிப்படை உரிமை மீறலுக்கு 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தை நாட ஒரு மாதமே அவகாசம். கைதான பிள்ளையை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று அலைந்தும், ஒதுங்கிப்போகும் அயலாரிடம் உதவி கேட்டும் ஒரு குடும்பம் அந்த மாதத்தை இழந்துவிடக் கூடாது.

இப்படிச் சட்டத்தை அறிந்துவைப்பது குற்றவாளிகளுக்குக் கேடயமாகிவிடும் என்பார்கள் சிலர். ஆனால் ஈஸ்டர் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரானைப் பற்றி, அதற்கு முன்பே அதிகாரிகளிடம் முறையிட்டவர்கள் காத்தான்குடி முஸ்லிம்கள். தன் உரிமை பறிபோகாது என்று நம்புகிறவர்தான் காவல் நிலையத்துக்குத் தகவலோடு போவார். ஆகவே ஒவ்வொரு பள்ளிவாசல் நிர்வாகமும் நம்பகமான சட்டத்தரணியின் எண்ணையும் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் எண்ணையும் ஜும்ஆவில் அறிவிக்கட்டும். பெண்களுக்கும் அவை கிடைக்கச் செய்யட்டும்.