அனுமான் பெயர் பூண்ட பந்தயக் கார்

பினாங்கு லோரோங் பர்மாவில் உள்ள சயாம் கோயிலுக்குப் போய், சயனித்திருக்கும் புத்தரைப் பார்த்திருப்பீர்கள். சயாம்காரர்களுக்கும் இராமகாதை உண்டு. அனுமான் அவர்களுக்கும் வீரன்தான். அந்த அனுமானின் பெயரை ஓர் ஆங்கிலேயப் பந்தயக் காருக்குச் சூட்டினார்கள் என்றால் நம்புவீர்களா?

சூட்டியவர்கள் சயாம் இளவரசர் பீராவும் அவருடைய ஒன்றுவிட்ட அண்ணன் இளவரசர் சூலாவும். கார், 'ஈ.ஆர்.ஏ.' வகையைச் சேர்ந்தது. இங்கிலாந்தில் போர்ன் என்னும் சிற்றூரில் 1934 முதல் போர் மூளும்வரை செய்த இவ்வகைக் கார்கள் மொத்தம் இருபதுக்கு மேல் இல்லை. 1935-இல் தம்பியின் 21-ஆவது பிறந்த நாளுக்குச் சூலா வாங்கித் தந்தது 'ரோமுலஸ்'. மறு ஆண்டே மொனாக்கோவில் அது வெற்றி பெற்றது. 1938-இல் பீரா ஓட்டிய இன்னொரு கார்தான் 'அனுமான்'.

எஞ்சின் சிறியது, ஆறு சிலிண்டர், ஒன்றரை லிட்டர். ஆனால் 150 குதிரைச் சக்திக்கு மேல் தரும்! எப்படி? கொல்லன் பட்டறைத் துருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரண எஞ்சின் தானாக மூச்சிழுக்கும். இதிலோ 'சூப்பர்சார்ஜர்' என்னும் ஊதுகருவி, காற்றையும் எரிபொருளையும் அழுத்தி உள்ளே திணிக்கும். தீ கூடும், வேகமும் கூடும்.

கியரிலும் ஒரு சூட்சுமம். வளைவு வருமுன்னே அடுத்த கியரைத் தேர்ந்து வைத்துவிடலாம். வேண்டிய நொடியில் காலால் மிதித்தால் போதும், மாறிவிடும். இதை அமைத்த வில்சன் என்பவர், முதல் உலகப் போரில் டாங்கியை உருவாக்கியவர்களில் ஒருவர்.

இத்தனை சக்தியும் தரையைத் தொடுவது நான்கு டயர்களில்தானே? டயருக்கு ரப்பர் வேண்டும். இங்கிலாந்தின் டன்லப் டயர் நிறுவனத்துக்கு அந்நாளில் மலாயாவிலேயே சொந்த ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன.

அனுமான் ஓடிய அதே 1938-இல், தோட்டத்து ஆண் தொழிலாளியின் நாட்கூலியை 50 காசிலிருந்து 45 காசாகக் குறைத்தார்கள். அந்த ஜூன் மாதம் இந்திய அரசு, உதவிப் பயணத்தில் தொழிலாளரை மலாயாவுக்கு அனுப்புவதையே தடை செய்தது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குத் துறையில் இறங்கிய கூட்டம் அத்தோடு நின்றது.

1936, 1937, 1938 என மூன்று ஆண்டுகள் பீராவுக்குத் தங்க நட்சத்திர விருது கிடைத்தது. பால் வெட்டியவருக்கோ ஐந்து காசு போயிற்று.

சேது கட்டியபோது அணிலுக்கும் பங்குண்டு என்று பாட்டி சொன்ன கதை நமக்குத் தெரியும். மோட்டார் மீது ஆசை கொண்ட உங்கள் பிள்ளைகளுக்கு எஞ்சினைப் பற்றிச் சொல்லுங்கள். கூடவே, மங்கு ஏந்திய தாத்தா பாட்டியின் பங்கையும் மறவாமல் சொல்லுங்கள்.