குழம்பில் கலக்கும் மருந்து

பாளையம்பட்டியிலிருந்து அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் நாலு சுவரிலாவது அந்தப் போஸ்டர் கண்ணில் படும். குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை மறக்கடிக்கலாம், சாப்பாட்டில் கலந்து கொடுத்தால் போதும். கீழே ஒரு செல் நம்பர். தறி ஓடுகிற வீட்டிலும் மில் வேலைக்குப் போகிற வீட்டிலும் இதை நம்புகிற பெண்கள் நிறைய. கயிறு கட்டிப் பார்த்து, மாலை போட வைத்துப் பார்த்து, மாலையைக் கழற்றிய அன்றே கணவர் டாஸ்மாக் வாசலில் நின்றதையும் பார்த்தவர்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த நம்பிக்கை தவறென்று சொல்லாமல் விடவும் முடியவில்லை.

பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறதென்று எழுதியிருக்காது. வெறும் வேர்ப்பொடி என்றால் காசோடு போயிற்று. சில வீடுகளில் கலப்பது நிஜ மாத்திரை, டைசல்ஃபிராம். 1940களில் கோபன்ஹேகனில் ஹால்ட், யாகப்சன் என்ற இருவர் அதைக் குடற்புழுவுக்குச் சோதித்தார்கள். முயல் தாங்கிக்கொண்டது. தாங்களும் விழுங்கினார்கள், அதன்மேல் மது அருந்தியபோதுதான் முகம் சிவந்து நெஞ்சு படபடத்தது. முயலுக்குத்தான் பார்ட்டி கிடையாதே! மதுவிலிருந்து உண்டாகும் அசிட்டால்டிஹைடு சிதையாமல் உடம்பில் தேங்குவதால் வருகிற வினை இது. வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும். இதயம் பழுதானவருக்கு உயிரே போகலாம்.

"அந்த அவஸ்தைக்குப் பயந்தாவது விடட்டுமே" என்பார்கள். எதற்குப் பயப்படுவார்? அவருக்குத்தான் விஷயமே தெரியாதே. சரக்கு சரியில்லை என்று பிராண்டை மாற்றுவார். நிஜ மாத்திரை எது, மருந்தில்லாத வெறும் மாத்திரை எது என்று சொல்லாமல் கொடுத்த ஆய்வுகளில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. சொல்லிக் கொடுத்த ஆய்வுகளில்தான் பலன் இருந்தது. மாத்திரையில் பாதி வேலையைச் செய்வது, அதை விழுங்கியிருக்கிறோம் என்ற நினைப்புதான்.

இன்னொரு மருந்து வந்த வழியைப் பாருங்கள். 1980இல் ரீசஸ் குரங்குகளை வைத்து ஒரு சோதனை. நெம்புகோலை அழுத்தினால் ரத்தக்குழாயில் ஆல்கஹால் ஏறும். நால்ட்ரெக்சோன் கொடுத்ததும் அழுத்துவது குறைந்தது. குரங்குக்குக் காதல் தோல்வியும் இல்லை, திமிரும் இல்லை, சேர்க்கை சரியில்லை என்றும் சொல்ல முடியாது. குடி தருகிற சுகத்தை மூளையில் மட்டுப்படுத்தியதும் கை தானாகத் தளர்ந்தது.

குரங்கோடு ஆராய்ச்சியாளர்கள் நிறுத்தவில்லை. நிறுத்தவும் கூடாது, எலியிடம் அமோகமாகப் பலித்த சில மன அழுத்த ஹார்மோன் தடுப்பு மருந்துகள் மனிதரிடம் வந்ததும் கைவிரித்துவிட்டன. அதனால்தான் பிலடெல்பியாவில் 70 முன்னாள் படைவீரர்களின் சம்மதத்தோடு 12 வாரம் சோதித்தார்கள். 1992இல் முடிவு வெளியானது: வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 54 சதவீதம் பேர் பழைய குடிக்கே திரும்பினார்கள், நால்ட்ரெக்சோன் எடுத்தவர்களில் 23 சதவீதம். 1994இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது.

கூண்டில் இருக்கிற குரங்குக்கே எடை பார்த்து அளவு உண்டு, குறித்துக்கொள்ள ஒரு ஆள் உண்டு. அடுப்படியில் நம் வீட்டு மனிதருக்கு அளவு கரண்டிதான். அவருடைய ஈரல் மருந்தைத் தாங்குமா என்று யார் பார்த்தது?

"ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் வரமாட்டாரே, சார்" என்பது நிஜமான கேள்வி. முதல் தடவை அவர் வர வேண்டியதில்லை. அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு மனைவி தனியாகப் போய்ப் பேசலாம்; 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குப் போன் போட்டால் தமிழிலேயே பேசுவார்கள். பல வருடம் தினமும் குடித்தவரை வீட்டில் பூட்டிவைத்துத் திடீரென்று நிறுத்த வைத்தால் வலிப்பு வரலாம் என்பதையும் அங்கே சொல்வார்கள். போஸ்டரில் அதற்கு இடமில்லை.