லாரி கேட் எங்கே என்று மேப் சொல்லட்டும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் டெஸ்பாட்ச் பிரிவில் வேலை பார்க்கிறேன். லோடு ஏற்ற வரும் ஓட்டுநர்களுக்கு ஃபோனில் வழி சொல்வதும் என் பொறுப்பு. லொகேஷன் அனுப்பிய பிறகும் அழைப்பு வரும்: "வந்துட்டீங்கன்னு மேப் சொல்லுது சார், இங்க காம்பவுண்டு சுவருதான் இருக்கு."

ஏக்கர் கணக்கில் பரந்த தொழிற்சாலையைக் கைபேசி மேப் ஒற்றைப் புள்ளியாக்கிவிடுகிறது. அந்தப் புள்ளி அலுவலகத்தின் மேல் விழும், அல்லது மனையின் நடுவில் விழும். லாரி நுழையும் கேட்டோ பின்பக்கத் தெருவில் இருக்கும். காரில் வருபவர் சுற்றி வந்துவிடுவார். கொல்கத்தா நெடுஞ்சாலையிலிருந்து இறங்கிய டிரெய்லர் தவறான தெருவில் நுழைந்தால் திருப்ப இடம் கிடைக்காது. தீயணைப்பு வண்டிக்கு இப்படி நேர்ந்தால் உயிர் போகும்.

தேடுவதிலும் சிக்கல். கும்மிடிப்பூண்டியை ஆங்கிலத்தில் ரயில்வே ஒரு விதமாகவும் மாவட்ட நிர்வாகம் வேறு விதமாகவும் எழுதுகின்றன. வடமாநில ஓட்டுநர் இந்தியில் தேடினாலும், நம்மூர்க்காரர் தமிழில் மனை எண்ணைச் சொல்லித் தேடினாலும் ஒரே கேட்தான் வர வேண்டும்.

1972 முதல் புழங்கும் பின்கோடு ஒரு வட்டாரத்தைக் காட்டும், கேட்டைக் காட்டாது. அஞ்சல் துறை 2025 மே மாதம் வெளியிட்ட டிஜிபின் என்ற டிஜிட்டல் முகவரிக் குறியீடு அந்தக் குறையைத் தீர்க்கக்கூடியது. ஐ.ஐ.டி. ஹைதராபாத்தும் இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையமும் துணைநிற்க உருவான இந்த முறையில், நாடு முழுவதும் ஏறத்தாழ 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. எழுத்தும் எண்ணும் கலந்த 10 இடக் குறியீடு ஒவ்வொரு கட்டத்துக்கும் உண்டு. ஒரு கேட்டைத் துல்லியமாகக் குறிக்க இது போதும்.

ஆனால் குறியீடு கட்டத்தைத்தான் காட்டும். அங்கே எந்தக் கேட் இருக்கிறது என்பதை மனிதர்கள்தான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மனையிலும் லாரி கேட், ஆட்கள் நுழையும் கேட், அவசர வழி ஆகியவற்றின் டிஜிபின்னைச் சிப்காட் நிர்வாகம் திரட்டிப் பொதுவில் வெளியிட வேண்டும். கேட்டிலும் பெரிதாக எழுதி வைக்க வேண்டும். மேப் நிறுவனங்கள் அந்தப் பட்டியலைச் சேர்த்துக்கொண்டு, லாரியா, காரா, நடந்து வருபவரா என்று கேட்டு அதற்குரிய வாசலுக்கு வழி காட்ட வேண்டும். பக்கத்தில் இருக்கும் எடைமேடையையோ டீக்கடையையோ அடையாளம் சொன்னால் ஓட்டுநருக்கு நம்பிக்கை வரும்.

கும்மிடிப்பூண்டியில் தொடங்கித் தேர்வாய் கண்டிகை சிப்காட்டுக்கும் இதைக் கொண்டுபோகலாம். எந்த வண்டி எந்தக் கேட்டில் நுழையும் என்பது செக்யூரிட்டிகளுக்கும் எங்களைப் போன்ற டெஸ்பாட்ச்காரர்களுக்கும் மனப்பாடம். கேட்டு வாங்கிப் பதிவுசெய்ய ஓர் அலுவலகம் முன்வந்தால் போதும், நாங்கள் சொல்லத் தயார்.