பக்கத்துத் தெரு இருக்க, தூர தேசம் எதற்கு?

போலியோ ஞாயிறு அன்று காலையில் ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போ பக்கம் போனால் அந்தக் காட்சியைப் பார்க்கலாம். ஒரு மேசை, ஐஸ் கட்டிகளோடு மருந்துப் பெட்டி, இடுப்பில் குழந்தையோடு நிற்கும் அம்மாக்கள். வாயில் இரண்டு சொட்டு, இடது கை சுண்டு விரலில் ஒரு மை. ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். செவிலியர்களோடும் அங்கன்வாடி ஊழியர்களோடும் சில ஊர்களில் இன்னும் சிலர் நிற்பார்கள். அவர்களுடைய தொப்பியில் ஒரு பல்சக்கர சின்னம் இருக்கும். அது ரோட்டரி சங்கத்தின் அடையாளம்.

இப்படிப்பட்ட சேவைச் சங்கங்களின் கூட்டத்தில் வருடத்துக்கு ஒருமுறையாவது ஒரு சூடான விவாதம் வரும். ''ஆப்பிரிக்காவில் ஒரு மருத்துவ முகாமுக்கு நம் பங்காக இவ்வளவு தரலாமா?'' என்று ஒருவர் கேட்பார். உடனே இன்னொருவர், ''நம்ம தெருவுல மழை பெய்ஞ்சா முழங்கால் தண்ணி நிக்குது. அரசுப் பள்ளியில கழிப்பறை சரியில்ல. அதை விட்டுட்டு ஆப்பிரிக்கா எதுக்கு சார்?'' என்பார்.

நியாயமான கேள்விதான். 2015 வெள்ளத்தைப் பார்த்த சென்னையின் மேற்குப் புறநகர்க்காரர்கள் இதைக் கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். பதில் தேடினால், அது அந்தச் சுண்டு விரல் மையிலேயே கிடைக்கிறது.

நமக்கு வந்த பணம்

1917-ல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் நடந்த ரோட்டரி மாநாட்டில், உலகத்துக்கு நன்மை செய்ய ஒரு நிதி வைப்போம் என்று ஆர்ச் கிளம்ஃப் என்பவர் யோசனை சொன்னார். மறுவருடம் கான்சாஸ் சிட்டி சங்கத்திலிருந்து முதல் நன்கொடை வந்தது. தொகை எவ்வளவு தெரியுமா? 26 டாலர் 50 சென்ட்! இன்று பல நாடுகளில் திட்டங்கள் நடத்தும் ரோட்டரி அறக்கட்டளையின் முதல் உண்டியல் காசு அதுதான்.

1979-ல் பிலிப்பைன்ஸில் சுமார் 60 லட்சம் குழந்தைகளுக்கு சொட்டு மருந்து கொடுக்கும் திட்டத்தை ரோட்டரி கையில் எடுத்தது. அதில் கிடைத்த தைரியத்தில், 1985-ல் உலகத்திலிருந்தே போலியோவை விரட்டுவது என்று அறிவித்தது. 12 கோடி டாலர் திரட்ட நினைத்தார்கள். மூன்றே வருடத்தில் 24 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. கொடுத்தவர்கள் பெரும்பாலும் கோடீஸ்வரர்கள் இல்லை. எங்கோ ஒரு சிற்றூரில் கடை வைத்திருப்பவர், பல் டாக்டர், ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று நம்மைப் போன்றவர்கள்தான்.

அந்தப் பணத்தில் கணிசமான பங்கு வந்து சேர்ந்த நாடுகளில் இந்தியா முக்கியமானது. 1995-ல் நாடு முழுக்க பல்ஸ் போலியோ தொடங்கியது. அதற்கு முன்பே, ஒரே நாளில் ஊர்க் குழந்தைகள் எல்லோருக்கும் சொட்டு மருந்து கொடுக்கும் முறை நம் வேலூரில் நடந்தது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் வைரஸ் நிபுணர் டாக்டர் ஜேக்கப் ஜான் அதற்காகப் பாடுபட்டவர்.

2009-ல்கூட இந்தியாவில் 741 பேருக்கு போலியோ வந்தது. அந்த வருடம் உலகிலேயே அதிகம் இங்கேதான். 2010-ல் அது 42 ஆனது. 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு குழந்தையைத் தாக்கியதோடு சரி. 2014 மார்ச் 27-ல் இந்தியாவுக்கு 'போலியோ இல்லை' என்ற சான்றிதழ் கிடைத்தது.

'முதலில் எங்கள் தெரு' என்று அந்த வெளிநாட்டுக் கடைக்காரர்கள் சொல்லியிருந்தால், நம் வகுப்பறைகளில் காலிப்பர் மாட்டிய குழந்தைகளை இன்றும் பார்த்துக்கொண்டிருப்போம்.

தூரம் என்பது தூரமில்லை

சுயநலக் கணக்குப் போட்டாலும் இது சரியாகத்தான் வருகிறது. 2010-ல் மத்திய ஆசியாவின் தஜிகிஸ்தானில் திடீரென்று போலியோ பரவி, 450-க்கும் மேற்பட்டவர்களைத் தாக்கியது. அந்த நாடு அதற்கு முன் போலியோ இல்லாத நாடு. வைரஸின் மரபணுவைச் சோதித்தார்கள். அது போனது இந்தியாவிலிருந்து! நம் நாட்டில் முடிக்காமல் விட்ட வேலை, இன்னொரு தேசத்துக் குழந்தையின் காலைப் பறித்தது. இன்று பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் அந்த வேலை மிச்சமிருக்கிறது. அங்கே முடிகிற வரை, இங்கே அந்த ஞாயிற்றுக்கிழமை மேசையும் இருக்கும்.

இலங்கையில் நடந்தது இன்னும் நெகிழ்ச்சியானது. போர் நடந்த காலம். வடக்கே குழந்தைகளுக்கு மருந்து போய்ச் சேர வேண்டும். கொழும்பைச் சேர்ந்த தொழிலதிபர் கே.ஆர். ரவீந்திரன் அந்நாட்டு ரோட்டரியின் போலியோ திட்டத் தலைவராக இருந்தார். யுனிசெஃப் அமைப்போடு சேர்ந்து பேச்சுவார்த்தை நடத்தி, சொட்டு மருந்து நாட்களில் மட்டும் இரு தரப்பும் சண்டையை நிறுத்த வழி செய்தார்கள். துப்பாக்கிகள் ஓய்ந்திருந்த நேரத்தில் குழந்தைகளுக்கு மருந்து போனது. இலங்கையில் கடைசி போலியோ 1993-ல். சுனாமிக்குப் பிறகு, ரவீந்திரன் தலைமையிலான திட்டம் அங்கே 25 பள்ளிகளைக் கட்டிக்கொடுத்தது. அவரே 2015-ல் உலக ரோட்டரியின் தலைவரானார்.

வாங்கிய நாம் கொடுக்கவும் தொடங்கி வெகுநாள் ஆகிறது. 1998-லிருந்து இந்திய ரோட்டரி டாக்டர்கள் ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போய் இலவச அறுவை சிகிச்சை செய்துவருகிறார்கள். முதலில் போனது உகாண்டாவுக்கு. லயன்ஸ் சங்கத்தின் பார்வைத் திட்ட உதவியோடு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1992-ல் ஒரு பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கியது. குறைந்த செலவில் கண்புரை சிகிச்சை செய்வது எப்படி என்று பல நாட்டு மருத்துவமனைகள் அங்கே வந்து கற்றுப் போகின்றன. வெளியிலிருந்து வந்த காசு மதுரையில் வித்தையாகி, திரும்ப வெளியே போகிறது!

பணம் எப்படிப் போகிறது?

'கொடுக்கிறோம் சரி, அது போய்ச் சேருமா?' என்பது அடுத்த சந்தேகம். ரோட்டரியின் உலக மானியத் திட்டத்தில், வேலை நடக்கும் நாட்டில் ஒரு சங்கமும் வேறொரு நாட்டில் ஒரு சங்கமும் கைகோக்க வேண்டும். திட்டச் செலவு குறைந்தது 30,000 டாலர் இருக்க வேண்டும். அந்த ஊருக்கு என்ன தேவை என்று முதலில் அங்குள்ளவர்களிடமே கேட்டு எழுதித் தர வேண்டும். வங்கிக் கணக்கில் இரண்டு பேர் கையெழுத்து. வருடா வருடம் கணக்கு அறிக்கை. போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடும் உதவிகளுக்கு இதில் இடம் குறைவு.

நம் நாட்டுச் சட்டமும் ஒரு கண் வைத்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து நன்கொடை வாங்க எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு அல்லது முன் அனுமதி தேவை. ஓர் இந்திய அறக்கட்டளை வெளிநாட்டில் செலவு செய்தால், அந்தத் தொகைக்கு வருமான வரி விலக்கு தானாகக் கிடைக்காது. மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். அதனால் யாராவது ரசீதோடு வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த அறக்கட்டளையின் பெயரில் ரசீது? அந்த நாட்டில் வேலையைச் செய்யப்போவது யார்? போன வருடக் கணக்கைக் காட்ட முடியுமா? நல்ல சங்கம் இதற்குக் கோபப்படாது. ஆர்வத்தோடு உட்கார்ந்து பதில் சொல்லும்.

சரி, தெருவில் நிற்கும் தண்ணீர்? அதையும் கேட்கத்தான் வேண்டும். ஆனால் மழைநீர் வடிகால் நம் வரிப்பணத்தில் அரசு செய்ய வேண்டிய வேலை. அதற்கு உண்டியல் குலுக்க வேண்டியதில்லை, உரக்கக் கேட்க வேண்டும். பள்ளிக் கழிப்பறைக்கு சங்கம் உதவலாம், உதவவும் வேண்டும். பத்து ரூபாயில் ஒன்பதை இங்கே வைத்துக்கொண்டு ஒரு ரூபாயை வெளியே அனுப்பினால் எந்தத் தெருவும் ஏழையாகிவிடாது.

அடுத்த போலியோ ஞாயிறன்று உங்கள் குழந்தை மை வைத்த சுண்டு விரலை ஆசையாக நீட்டிக் காட்டும்போது, ''இந்த மருந்து உனக்கு எப்படி வந்தது தெரியுமா?'' என்று அந்த 26 டாலர் 50 சென்ட் கதையைச் சொல்லுங்கள்.