காய்ச்சல் விட்டதும் பெரட்டுக்குப் போகலாமா?



"மூணு நாளா நெருப்பாக் கொதிச்ச உடம்பு இன்னிக்குக் குளிர்ந்துபோச்சு, நாளைக்குப் பெரட்டுக்குப் போயிடலாம்." டிங்கிக் காய்ச்சல் கண்ட வீடுகளில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. ஒரு நாள் பேர் விழாவிட்டால் ஒரு நாள் கூலி போச்சு என்கிற கணக்கு நமக்குத் தெரியும். ஆனால் டிங்கியின் கணக்கு வேறு. காய்ச்சல் விடுகிற அந்த நாள்தான் சிலருக்கு ஆபத்து ஆரம்பமாகிற நாள்.

இந்நோய் நமக்குப் புதிதல்ல. இரத்தக்கசிவோடு கூடிய கடும் டிங்கி 1962ல் பினாங்கில் தலைகாட்டியது. 1974ல் நாடெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைப் பலி கொண்டது. மறு ஆண்டே, நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கச் சட்டம் வந்தது. ஐம்பது ஆண்டுகள் ஓடியும் நோய் ஒழிந்தபாடில்லை. 2019ல் 130,000 பேருக்கு மேல் டிங்கி கண்டது. 182 பேர் மாண்டனர். 2023ல் 123,000 பேருக்கு மேல் கண்டது. 100 பேர் மாண்டனர். ஆஸ்பத்திரிகள் பெருகிய இக்காலத்திலும் ஏன் இந்தச் சாவு? காரணங்கள் பல. அவற்றில் நம் கையில் இருப்பது ஒன்று: தாமதம்.

உடம்புக்குள் நடப்பது என்ன?

கொசு கடித்ததும் டிங்கிக் கிருமி நேராக நம் காவல்காரர்களைத்தான் பிடிக்கிறது. நோயை எதிர்க்க வேண்டிய வெள்ளை அணுக்களுக்குள்ளேயே புகுந்து அங்கேயே பெருகுகிறது. உடம்பு கலவரமடைந்து, எதிர்ப்புச் சக்தியை எல்லாம் ஒரே நேரத்தில் ஏவி விடுகிறது. அப்போது சுரக்கும் இரசாயனங்களும், கிருமி வெளியிடும் ஒரு புரதமும் சேர்ந்து, நுண்ணிய இரத்தக் குழாய்களின் உட்சுவரை இளக வைக்கின்றன. அதன் வழியே இரத்தத்திலுள்ள நீர் வயிற்றுக்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் கசிகிறது.

வெளியே ஒரு சொட்டு இரத்தம் தெரியாது. உள்ளேயோ, குழாயில் மிஞ்சிய இரத்தம் கெட்டியாகி, ஓட்டம் குன்றுகிறது. இரத்த அழுத்தம் இறங்குகிறது, கைகால் சில்லிடுகிறது. டிங்கியில் உயிர் போவது பெரும்பாலும் இப்படித்தான்.

இன்னொரு பக்கம், பிளேட்லெட் என்னும் தட்டணுக்கள் குறைகின்றன. பால்மரத்தில் வெட்டிய கோட்டில் பால் உறைந்து, ஒழுக்கு தானாக நிற்கிறதல்லவா? நம் உடம்புக் காயத்தை அடைக்க முதலில் ஓடி வருபவை இந்தத் தட்டணுக்கள். ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 150,000க்கு மேல் இருக்க வேண்டியவை, நோய் முற்றினால் 20,000க்குக் கீழேயும் போவதுண்டு. ஈறிலும் மூக்கிலும் இரத்தம் கசிவது இதனால்தான்.

இரண்டாம் முறை ஏன் கடுமை?

"எனக்குத்தான் ஒருமுறை வந்துட்டுதே, இனி வராது" என்று நினைக்க வேண்டாம். டிங்கிக் கிருமியில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்கு மட்டுமே நீண்ட பாதுகாப்பு. பிறகு வேறொரு வகை தொற்றினால், பழைய எதிர்ப்புப் பொருள் அதைக் கொல்ல முடியாமல் பிடித்துக்கொண்டு, வெள்ளை அணுக்களுக்குள் புக வழிகாட்டி விடுகிறது. 1960களில் பாங்காக்கில் ஆய்வு செய்த ஸ்காட் ஹால்ஸ்டட் என்ற மருத்துவர், இரண்டாம் முறை தொற்றிய பிள்ளைகளே அதிகம் அதிர்ச்சி நிலைக்குப் போவதைக் கண்டார்.

எந்த நாள் ஆபத்து?

காய்ச்சல் கண்ட மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை விழிப்பாக இருங்கள். சூடு இறங்கும்போது கிருமியும் குறையும்; கசிவோ அப்போதுதான் உச்சத்துக்குப் போகும். அந்த 24 முதல் 48 மணி நேரம்தான் கண்டம். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, இரத்தக் கசிவு, கறுத்த மலம், மூச்சிரைப்பு, மிகுந்த சோர்வு, சிறுநீர் குறைதல், இதில் ஒன்று கண்டாலும் "விடியட்டும் பார்ப்போம்" என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். இரத்தப் பரிசோதனையில் தட்டணு இறங்குவதையும் இரத்தம் கெட்டியாவதையும் கண்டுகொண்டு, அளவாக நீர் ஏற்றினால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்வர்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமோல் போதும். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென், வலி ஊசி ஆகியவை இரத்தக்கசிவைக் கூட்டும், தொடாதீர்கள். பப்பாளி இலைச் சாற்றை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

கூலி போகுமே?

இங்கேதான் நம்மவர்கள் தங்கள் உரிமையை அறிந்திருக்க வேண்டும். தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, டாக்டர் சீட்டு இருந்தால் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. இரண்டு ஆண்டுக்குக் குறைந்த வேலைக்காலம் என்றால் வருடத்துக்கு 14 நாள். ஐந்து ஆண்டுக்குள் 18 நாள். அதற்கு மேல் 22 நாள். ஆஸ்பத்திரியில் படுத்தால் 60 நாள் வரை. 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும். மண்டோரோ கிராணியாரோ முணுமுணுக்கலாம். சட்டம் நம் பக்கம்.

கொசுவை ஒழிப்பதிலும் நம் பங்கு உண்டு. வெட்டாத மரத்தில் தொங்கும் மங்கு, தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், மூடாத பீப்பாய் எல்லாம் கொசுவின் தொட்டில்கள். வாரம் ஒருமுறை கவிழ்த்துக் கொட்டினால் போதும். லயத்துச் சாக்கடையைத் துப்புரவாக்கும்படி நிர்வாகத்தை ஒன்றுசேர்ந்து கேளுங்கள். பக்கத்து லயத்து வங்காளதேசத் தொழிலாளியிடமும் சொல்லுங்கள். கொசுவுக்கு இனம், மொழி தெரியாது.

ஒரு வாரக் கூலியைப் பிறகு உழைத்துச் சம்பாதித்துக் கொள்ளலாம். காய்ச்சல் விட்ட மறுநாள் மட்டும் வீட்டில் இருப்பவர்கள் கண்ணை மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.