வீதிக் கட்டணமும் விலைக்கு வாங்கும் ஆலோசனையும்

கொழும்பு நகருக்குள் நுழையும் வாகனங்களுக்குக் கட்டணம் அறவிடலாம் என்ற பேச்சு இடைக்கிடை எழுவதும் பின்னர் அடங்கிவிடுவதுமாக இருந்து வருகின்றது. காலை வேளையில் களனிப் பாலத்தையும் காலி வீதியையும் கடந்து வருவோர் படும் அவதியை அறிந்த எவரும் அப்பேச்சை ஒரேயடியாக நிராகரித்துவிட மாட்டார்கள். ஆயினும் இத்தகைய திட்டம் பெரும்பாலும் ஆலோசனை நிறுவனம் ஒன்றுடன் செய்துகொள்ளப்படும் ஒப்பந்தத்திலேயே தொடங்குகின்றது. பின்னர் வருவன யாவும் அதில் எழுதப்படுவதைப் பொறுத்தே அமைவதால் அதுபற்றி இப்போதே பேசுவது பொருத்தமெனக் கருதுகின்றோம்.

உலகில் முதன்முதலாக இதனை வெற்றிகரமாக நடைமுறைப்படுத்திய சிங்கப்பூர், 1975 ஆம் ஆண்டு கார்க் கண்ணாடியில் ஒட்டப்பட்ட அனுமதிச் சீட்டைக் காவலர்கள் கண்ணால் பார்த்துச் சரிபிழை கூறும் முறையுடனேயே ஆரம்பித்தது. மின்னணு முறை வந்தது 1998 இல். இருபத்துமூன்று வருடங்கள் கடதாசியே போதுமானதாக இருந்தது! 'ஸ்மார்ட்' என்ற அடைமொழியைக் கண்டு மயங்குவோர் இதனை நினைவிற்கொள்வது நல்லது.

சுவீடனின் தலைநகர் ஸ்டொக்ஹோம் கற்றுத்தரும் பாடம் வேறு. அங்கு 2006 ஜனவரியில் ஏழு மாதகாலப் பரீட்சார்த்தத் திட்டம் தொடங்குவதற்கு முன்னர், 2005 ஆகஸ்டிலேயே மேலதிக பஸ்கள் சேவையில் ஈடுபடுத்தப்பட்டன. கட்டணம் வந்தபோது எல்லையைக் கடக்கும் வாகனங்கள் ஐந்தில் ஒரு பங்களவில் குறைந்தன. ஜூலை இறுதியில் கட்டணம் நிறுத்தப்பட்டதும் நெரிசல் மீண்டது. அதைக் கண்ணால் கண்ட பின்னரே, செப்டெம்பரில் மக்கள் வாக்களிக்கச் சென்றனர். முன்னர் எதிர்த்து நின்ற நகரம் சிறு பெரும்பான்மையால் இணங்கியது. 2007 ஆகஸ்ட் முதல் கட்டணம் நிரந்தரமாகியது.

ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரிலோ பரீட்சார்த்தம் எதுவுமின்றி 2005 இல் வாக்கெடுப்பு நடத்தப்பட்டு, ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் நிராகரித்தனர். 2008 இல் மான்செஸ்டரிலும் அவ்வாறே நிகழ்ந்தது. வருடக்கணக்கான ஆய்வுகளும் வரைபடங்களும் அத்தோடு அலுமாரிக்குள் சென்றன. நியூயோர்க்கில் கருவிகள் பொருத்தப்பட்ட பின்னர், 2024 ஜூனில் மாநில ஆளுநர் திட்டத்தை இடைநிறுத்தினார். குறைக்கப்பட்ட கட்டணத்துடன் 2025 ஜனவரியிலேயே அது நடைமுறைக்கு வந்தது. நிபுணர் அறிக்கைகள் குறைவின்றி இருந்தும் அரசியல் இணக்கம் இல்லாதவிடத்து எதுவும் நகரவில்லை.

நமது அனுபவம் கசப்பானது. மாலபேயிலிருந்து கோட்டைக்கு அமைக்கப்படவிருந்த இலகு ரயில் திட்டத்திற்காக 2019 மார்ச்சில் ஜப்பானுடன் கடனுடன்படிக்கை கைச்சாத்திடப்பட்டு, 2020 செப்டெம்பரில் ஒருதலைப்பட்சமாகக் கைவிடப்பட்டது. ஒரு கிலோமீற்றர் பாதைகூடப் போடப்படாத அத்திட்டத்தின் ஆலோசனைச் சேவைக்கெனச் செலவான பணத்தைக் கணக்காய்வாளர் நாயகம் பின்னர் சுட்டிக்காட்ட நேர்ந்தது. திட்டம் நின்றாலும் ஆலோசனைக்கான சிட்டை நிற்பதில்லை என்பதை நாம் பணங்கொடுத்துக் கற்றுள்ளோம்.

ஆலோசனையே வேண்டாமென நாம் கூறவில்லை. ஆலோசனை வழங்கும் நிறுவனமோ அதன் கூட்டாளிகளோ பின்னர் கமராவும் மென்பொருளும் வழங்கும் கேள்விப்பத்திரத்தில் பங்குபற்றுவது தடைசெய்யப்படல் வேண்டும். மொரட்டுவைப் பல்கலைக்கழகம் போன்ற உள்ளூர் நிறுவனங்களின் ஆய்வாளர்களுக்கு அதில் உரிய இடம் வழங்கப்பட வேண்டும். இலண்டனில் 2003 இல் கட்டணம் ஆரம்பமானபோது, அதன் வருமானம் போக்குவரத்திற்கே செலவிடப்பட வேண்டுமெனச் சட்டம் விதித்திருந்தது. இங்கு அது திறைசேரியில் கரைந்துவிடும் என்ற சந்தேகம் பொதுமக்களுக்கு இருப்பது இயல்பே.

அனைத்திற்கும் மேலாக, கொழும்புக்கு வருவோர் யாவர் என்பதை அந்த அறிக்கை அறிந்திருக்க வேண்டும். கல்முனையிலிருந்தும் மன்னாரிலிருந்தும் வான் ஒன்றை வாடகைக்கு அமர்த்தித் தேசிய வைத்தியசாலைக்கு வரும் நோயாளிக்கும், தனியொருவராகச் சொகுசுக் காரில் அலுவலகம் செல்பவருக்கும் ஒரே கட்டணமா? புறக்கோட்டைக்குச் சரக்கேற்றும் லொறிக்காரர், நாளாந்த வருமானத்தில் வாழும் முச்சக்கர வண்டிச் சாரதி ஆகியோரின் நிலை என்ன? காரை வீட்டில் விட்டு வாருங்கள் என்று சொல்லும் முன்னர், மிதிபலகையில் தொங்காமல் ஏறிவரக்கூடிய பஸ் ஒன்று அவர்களது வீதியில் ஓடவேண்டும். இவற்றுக்கான விடைகள், கட்டண விபரம் எதுவும் அறிவிக்கப்படுவதற்கு முன்னர், மும்மொழிகளிலும் மக்கள் முன் வைக்கப்படல் வேண்டும்.